கூப்பரின் இருளும் நமது பிரசங்கமேடையும்

ஆங்கில ஞானப்பாட்டாசிரியர் வில்லியம் கூப்பரைக் குறித்துப் பிரசங்கங்களிலும் ஞானப்பாட்டு வரலாறுகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. மனம் கசந்த கூப்பர் ஓர் இரவு தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஆற்றங்கரைக்குச் செல்லக் குதிரைவண்டி ஒன்றை அமர்த்தினாராம். மூடுபனியில் வண்டிக்காரன் வழிதப்பிச் சுற்றித் திரிந்து, கடைசியில் அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினானாம். அதில் கடவுளின் கரத்தைக் கண்ட கூப்பர், அன்றிரவே அமர்ந்து, கடவுளின் மறைவான வழிகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற பாட்டை எழுதி முடித்தாராம்.

இக்கதைக்கு ஆதாரம் இல்லை. கூப்பர் தம் இளமைக்கால நோயைக் குறித்துத் தாமே எழுதிவைத்த நினைவுக்குறிப்பு, அவர் இறந்து 16 ஆண்டுகள் சென்றபின், 1816-இல் அச்சேறியது. அதில் 1763-இல் அவர் வண்டியேறித் தேம்ஸ் ஆற்றங்கரைக்குச் சென்ற செய்தி உண்டு. மூடுபனி இல்லை, வழிதப்பிய வண்டிக்காரனும் இல்லை. நீர் வற்றியிருந்ததையும் சுமைகூலி ஒருவன் அங்கே அமர்ந்திருந்ததையும் கண்டு அவர் திரும்பினார். அத்தோடு அவருடைய முயற்சிகள் நின்றுவிடவும் இல்லை. குறிப்பிட்ட பாட்டோ அதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் பிந்தியது. 1773 தொடக்கத்தில் அவரைத் தாக்கிய கொடிய நோய்க்குச் சற்று முன்னர் எழுதப்பட்டு, 1774-இல் ஜான் நியூட்டனின் நூலொன்றில் அச்சாயிற்று. அதை எழுதியபின் கூப்பருக்கு மீட்பு வரவில்லை; நோயே வந்தது. கதையோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

சிறு வரலாற்றுப் பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் கேட்போரிடத்தில் அது செய்யும் வேலை சிறிதன்று. மனச்சோர்வு நோயால் பல மாதங்களாக உறக்கம் இழந்து ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அது, கடவுளால் நேசிக்கப்பட்டவருக்குத் தக்க சமயத்தில் மூடுபனி இறங்கும் என்று கற்பிக்கிறது. தமக்கு இறங்காததால் தாம் நேசிக்கப்படவில்லை என்ற முடிவுக்கு அவர் எளிதாக வருகிறார். மகனையோ மகளையோ அவ்வழியில் இழந்த பெற்றோர் அதே ஆலயத்தில் இருந்தால், அவர்கள் கேட்பது இன்னும் கொடியது.

கூப்பரின் வாழ்வைச் சுருக்கமாக நோக்குவோம். (எழுத்தைப் பார்த்துக் 'கௌப்பர்' என வாசிப்போர் உண்டு; அவர் பெயரின் உச்சரிப்பு 'கூப்பர்' என்பதே.) 1731-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயது நிறையுமுன் தாயை இழந்தார். விடுதிப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானார். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அஞ்சி, காலணியின் கொக்கியைக் கொண்டே அவனை அடையாளம் கண்டதாக எழுதியுள்ளார். சட்டம் பயின்ற நாட்களில் முதற்சோர்வு. 1763-இல், பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்பேட்டு எழுத்தர் பதவிக்காக அச்சபையின்முன் தேர்வுக்கு நிற்கவேண்டும் என்ற நிலை வந்தபோது அச்சம் முற்றி அறிவு நிலைகுலைந்தது. அதன்பின் 1773, 1787, 1794 என நோய் திரும்பத்திரும்ப வந்தது. 1800 ஏப்ரல் 25-இல் இறக்கும்வரை, தாம் கடவுளால் தள்ளப்பட்டவர் என்ற எண்ணம் அவரைவிட்டு நீங்கவில்லை. இம்மானுவேலின் இரத்த ஊற்றைக் குறித்து அவர் எழுதிய பாட்டை நாம் தமிழில் பரிசுத்த வாரத்தில் பாடுகிறோம். அதை எழுதியவர் பின்னர் 27 ஆண்டுகளாக ஆலய வழிபாட்டுக்கே செல்லவில்லை என்பதைப் பாடுவோரில் பலர் அறியார்.

இந்நோய்க்குக் காரணம் யாது? இலக்கிய உலகம் எளிதான விடையொன்றைக் கைவசம் வைத்திருந்தது: கால்வினின் சமயமே அவரைப் பித்தராக்கிற்று என்பது. 1830-களில் கூப்பரின் வாழ்க்கையை எழுதிய இராபர்ட் சதே, ஒல்னி ஊரில் நியூட்டனின் வழிநடத்துதல் கூப்பருக்குத் தீங்காயிற்று என்று கருதினார். செஸ்டர்ட்டன் 1908-இல் வெளியான 'ஆர்த்தடாக்சி' என்னும் நூலில், முன்குறித்தலின் தர்க்கமே கூப்பரைக் கெடுத்தது, கவிதையே அவரை ஓரளவு காத்தது என்று தமக்கேயுரிய சாமர்த்தியத்தோடு வாதிட்டார். செஸ்டர்ட்டனின் வாக்கியங்கள் படிக்க இனியவை. நோயாளியைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு.

ஆண்டுகளை ஒழுங்காக அடுக்கினாலே இவ்வாதம் தளர்ந்துவிடும். முதற்சோர்வும், 1763-இன் பெருநோயும், அவர் சுவிசேஷ விசுவாசத்துக்குள் வருமுன்பே நேர்ந்தவை. அவருடைய மனந்திரும்புதல் 1764-இல், மருத்துவ இல்லத்தில், உரோமர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தை வாசித்தபோது நிகழ்ந்தது. இதைவிட வலிய சான்று அவருடைய மருட்சியின் உள்ளடக்கத்திலேயே உள்ளது. கால்வின் வழியினரின் போதனைப்படி, தெரிந்துகொள்ளப்பட்டவர் இறுதிவரை காக்கப்படுவர். கிருபை பெற்றவர் அதை முற்றிலும் இழப்பதில்லை. கூப்பரோ, தாம் மெய்யாகவே கிருபை பெற்றவர் என்றும், பின்னர் தம்மை மட்டும் கடவுள் தள்ளிவிட்டார் என்றும் நம்பினார். மனுக்குலம் முழுவதிலும் தாம் ஒருவரே விதிவிலக்கு! தாம் கற்ற இறையியல் இடம்கொடாத ஒன்றையே அவர் தம்மைக் குறித்து அசையாமல் நம்பினார். கோட்பாடு இட்டுச்செல்லும் இடத்துக்கு நேர் எதிரான திசையில் ஒருவர் சென்றிருக்க, அக்கோட்பாடே அவரை அங்கே சேர்த்தது என்று கூறுவது பொருந்தாது.

1773-இன் இலையுதிர்காலத்தில், ஆபிரகாமிடம் ஈசாக்கைக் கேட்ட கடவுள் தம்மிடம் தம் உயிரையே பலியாகக் கேட்கிறார் என்று கூப்பர் நம்பினார். அம்முயற்சி தவறியது, கீழ்ப்படியத் தவறியதால் நித்திய தண்டனைக்கு உள்ளானேன் என்ற எண்ணம் வேரூன்றியது. இது திருமறையின் தவறன்று. திருமறையைத் தவிர வேறு மொழி அறியாத உள்ளத்தில் நோய் பேசிய விதம். நோய் தனக்கென ஒரு மொழி கொண்டு வருவதில்லை. நோயாளியிடம் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. வணிகனுக்குத் தான் ஓட்டாண்டியாகிவிட்டேன் என்று தோன்றும். அதிகாரிக்குத் தன்னைக் காவலர் தேடுகிறார்கள் என்று தோன்றும். பக்தனுக்குத் தான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று தோன்றும். இதை அறியாத போதகர் மாற்கு 3-ஆம் அதிகாரத்துக்கு விளக்கவுரை சொல்லி அப்பக்தரோடு மணிக்கணக்கில் வாதாடுவார். விளக்கம் சரியாகவே இருக்கும். நோயாளிக்கு அதனால் பயன் ஏதும் இராது.

இருநூறு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் அடக்கம் வேண்டும். எனினும், திரும்பத்திரும்ப வரும் கடும் மனச்சோர்வும் அதனோடு சேர்ந்த குற்றமருட்சியும் அவரிடம் இருந்தன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இருமுனை மனநோயாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. இவற்றுக்கு ஒரே காரணம் என ஒன்றைச் சுட்ட இன்றைய மருத்துவம் துணியாது. பிறவியிலேயே அமைந்த பாங்கு, இளமையில் தாயை இழத்தல், சிறுவயதுக் கொடுமை, பின்னாளின் நெருக்கடி, மூளையின் இயக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கூப்பரின் வரலாற்றில் இவற்றுள் பலவற்றை நம் கண்ணாலேயே காண்கிறோம். அவர் காலத்தில் இரத்தம் வடித்தலும் பேதி மருந்துமே வைத்தியமாயிருந்தன. சோர்வைத் தணிக்கும் மருந்துகள் 1950-களில்தான் வந்தன; இருமுனை நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் காட்டினார். இன்று மிதமான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதும். 1960-களில் ஆரன் பெக் வகுத்த முறை, நோயாளியின் இருண்ட முடிவுகளை அவரோடு சேர்ந்தே சோதித்துப் பார்ப்பது. கடுமையான சோர்வுக்கு மாத்திரையும் வேண்டும். மாத்திரை பயன் காட்டச் சில வாரங்கள் செல்லும். மருட்சியும் சேர்ந்த நிலையில் வேறு மருந்தைக் கூட்டித் தருவர். மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் மின் சிகிச்சை, திரைப்படங்கள் ஊட்டிய அச்சத்துக்கு மாறாக, உயிர்காக்கும் முறையாக விளங்குகிறது.

இந்நோய்கள் அரியவையும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2019-இல் உலகெங்கும் 97 கோடிப் பேர் ஏதேனும் ஒரு மனநோயோடு வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய், 28 கோடிப் பேருக்கு மனச்சோர்வு. இருநூறு பேர் கூடும் ஆலயத்தில் போதகருக்குத் தெரியாமல் எத்தனை பேர் இருப்பர் என்பதை எண்ணிக்கொள்ளலாம். போதகரும் அவர்களுள் ஒருவராயிருக்கக்கூடும். அதை அவர் யாரிடம் சொல்வார் என்பதும் சிந்திக்கத்தக்கது.

சமயம்தான் காரணம் என்போரை மறுத்தோம். விசுவாசக்குறைவே காரணம் என்று நம்மிடையே கூறுவோரை மறுப்பது கடினமாயிருக்கிறது. ஏனெனில் அவர்கள் ஜெபத்தின் பேரால் பேசுகிறார்கள். மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று கூட்டங்களில் போதிக்கப்படுகிறது. நீரிழிவுக்காரரின் ஊசியை நிறுத்தும்படி அதே போதகர் சொல்லத் துணிவதில்லை. அதன் விளைவு சில நாட்களில் வெளிப்பட்டுவிடும். மனநோயில் விளைவு தாமதமாக வருகிறது. வரும்போது பழி நோயாளியின்மீதே விழுகிறது.

கூப்பரின் வரலாற்றில் வரும் இரு துணைவர்களை இறையியல் மாணவர் கூர்ந்து கவனித்தல் நன்று. ஒருவர் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மனநோயாளருக்கென இல்லம் நடத்திய மருத்துவர் நத்தானியேல் காட்டன். மனநோயாளரைச் சங்கிலியில் பூட்டுதல் இயல்பாயிருந்த அந்நாளில் அவர் கனிவோடு நடத்தினார். நோயாளி பேசியதைக் கேட்டார். தாமும் பக்தராயிருந்து சமயக் கவிதைகளும் எழுதினார். கூப்பரின் துயரம் 1764-இல் திடீரெனப் பேரானந்தமாக மாறியபோது, அதுவும் நோயின் மற்றொரு முகமாயிருக்குமோ என்று முதலில் அஞ்சினார். பக்தியும் மருத்துவ எச்சரிக்கையும் ஒரே மனிதரில் கூடியிருந்தன. உரோமர் நிருபத்தின் வசனம் தனியே வந்து வேலை செய்யவில்லை என்பதும் இங்கே நோக்கத்தக்கது. அதற்கு முன் ஏழெட்டு மாதப் பராமரிப்பு இருந்தது. தம்பி ஜான் வந்து பார்த்துப் போன நாளிலேயே மேகம் விலகத் தொடங்கியது என்று கூப்பர் எழுதுகிறார்.

மற்றவர் நியூட்டன். 1773 ஏப்ரலில் தம் குருமனைக்கு வந்த கூப்பர் அங்கிருந்து போக மறுத்தபோது, நியூட்டன் தம்பதியினர் அவரைப் பதின்மூன்று மாதங்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தனர். ஊராரின் பேச்சையும், உயிராபத்து பற்றிய இடைவிடாத அச்சத்தையும் தாங்கினர். சதேயின் குற்றச்சாட்டு இதன்முன் மிகச் சிறுத்துப்போகிறது. ஆயினும் அதில் ஓர் அணு உண்மை உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. கூச்ச சுபாவமும் பழைய நோயும் உடைய ஒருவரை, ஜெபக்கூட்டங்களில் பலர்முன் ஜெபிக்கவும் மரணப்படுக்கைகளைச் சந்திக்கவும் இழுத்துச் சென்ற சுறுசுறுப்பில் நியூட்டன் அளவறிந்தார் எனச் சொல்ல இயலாது. அவருடைய இறையியலில் தவறில்லை. அவருடைய நாட்குறிப்பில் ஓய்வு போதவில்லை.

1774-க்குப் பின் கூப்பரைத் தூக்கி நிறுத்தியவை எளிய பொருள்கள்: தச்சுவேலை, வெள்ளரிப் பாத்தி, மூன்று முயல்கள். பஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டு அவற்றை வளர்த்தார்; பின்னர் அவற்றின் குணங்களைக் குறித்துப் பத்திரிகைக்கும் எழுதினார். உள்ளம் விரும்பும்வரை காத்திராமல் கைக்குச் சிறுவேலை கொடுப்பதை இன்று சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கற்பிக்கின்றனர். அவர் உடனிருந்த மேரி அன்வின் அம்மையார் அதைப் பாடப்புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார். எலியா சூரைச்செடியின்கீழ்ச் சாகக் கேட்டபோது தேவதூதன் முதலில் கொண்டுவந்தது அப்பமும் தண்ணீரும். கேள்வி பிறகே வந்தது. அக்காலத்தில்தான் ஜான் கில்பின் என்னும் துணிவணிகனின் குதிரைச் சவாரியைப் பற்றி, நாடே சிரித்த நகைச்சுவைப் பாட்டு பிறந்தது. அதை எழுதிய நேரத்தில் தம் மனம் மிக இருண்டிருந்ததென்று கூப்பரே கடிதத்தில் சொல்கிறார். சிரிக்கச் சிரிக்கப் பேசும் சபையார் ஒருவரைக் குறித்து அவருக்கு ஒன்றுமில்லை என்று நாம் கருதுவது எவ்வளவு பிழையாகலாம்!

இனி 1799-இல் அவர் எழுதிய 'காஸ்ட்அவே' என்னும் இறுதிக் கவிதை. 'கடலில் விடப்பட்டவன்' எனலாம். ஆன்சன் தளபதியின் கடற்பயணத்தில், ஹார்ன் முனையருகே புயலில் கப்பலிலிருந்து விழுந்த மாலுமியைப் பற்றியது. ஆறடி கொண்ட பதினொரு பாக்கள். கவிஞர் தம்மைப் பற்றிப் பேசுவது தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே. இடையில் முழுவதும் அம்மாலுமியின் கதை. சமயத் திறனாய்வாளர் பலர் இதை நம்பிக்கையிழந்தவரின் பாட்டு என்று ஒதுக்குவர். பிரசங்கிகளுக்கு இதனால் பயனில்லை. இறுதிப் பாவில், புயலை அடக்கும் தெய்வக் குரல் எதுவும் கேட்கவில்லை என்கிறார். தாம் அம்மாலுமியினும் ஆழத்தில் அமிழ்ந்ததாகக் கூறி நிறுத்துகிறார். ஆறுதல் இல்லை. 88-ஆம் சங்கீதமும் இருள் என்ற சொல்லோடுதான் முடிகிறது. அதைத் திருமறையிலிருந்து எவரும் நீக்கவில்லை.

கவிதையின் நடுப்பகுதியே எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. மாலுமியின் தோழர் அவனைக் கைவிட எண்ணவில்லை. பீப்பாயும் கோழிக்கூண்டும் கயிறும், கையில் கிடைத்த எல்லாவற்றையும் கடலில் எறிகிறார்கள். காற்றின் வேகத்தில் கப்பலை நிறுத்த இயலாது. நிறுத்தினால் அனைவரும் மாள்வர். நீரில் போராடுகிறவனும் அதை உணர்கிறான். அவர்கள் விரைந்து போவதை அவன் குற்றமாக்கவில்லை. தனித்து இறப்பது கசப்பாகவே இருக்கிறது என்பதையும் கவிஞர் மறைக்கவில்லை. இதில் பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. நியூட்டன், மேரி அன்வின், ஹெஸ்கத் சீமாட்டி, உறவினர் ஜான்சன் என்று வாழ்நாள் முழுவதும் தமக்குப் பீப்பாய் எறிந்தவர்களை நோயாளி எவ்வளவு நன்றாகக் கண்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நம் சந்திப்பும் ஜெபமும் அவருக்கு எட்டவில்லை, பதில் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார் என்று சலித்துத் திரும்பும் போதகர் இக்கவிதையை ஒருமுறை படிக்கட்டும்.

பாவின் யாப்பும் கவனத்துக்குரியது. சீர் எங்கும் தடுமாறவில்லை. இயைபு எங்கும் தளரவில்லை. தம் கதி பற்றி முற்றிலும் பொய்யான ஒன்றை நம்பிய அதே அறிவு, கடலையும் கப்பலையும் மனிதரின் எண்ணங்களையும் துல்லியமாகக் கண்டது. மனநோய் என்றவுடன் அறிவு முழுவதும் அழிந்தது என எண்ணி, நோயாளியை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசும் நம் வழக்கம் எவ்வளவு தவறானது!

போதகர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமற்று, தம்மைப் பயனற்றவர் எனக் கூறும் ஒருவரைக் கண்டால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்பது ஆதாரமற்ற அச்சம். கேட்டபின்னரே பலர் வாய்திறக்கின்றனர். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், குடும்பத்தாரோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நம் நாட்டில் 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர்மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது. அதே சட்டம் சங்கிலியிடுவதையும் தடைசெய்கிறது. காவல்துறைக்கு அஞ்சிக் குடும்பத்தார் மறைக்கும்போது போதகர் இதை எடுத்துச் சொல்லலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. இறையியல் மாணவர் சில வாரங்களாவது அத்தகைய இடத்தில் பயிற்சி பெறுவது, ஆலோசனைப் பணி பற்றிய தேர்வுத்தாள் ஒன்றைவிடப் பயன் தரும்.

கூப்பரைக் குறித்து மேடையில் பெரிதும் விரும்பப்படும் மற்றொரு செய்தியும் உண்டு. இறந்தபின் அவர் முகத்தில் அமைதியும் பரிசுத்தமான வியப்பும் தோன்றின என்று, இறுதிவரை அவரைப் பராமரித்த உறவினரும் குருவானவருமான ஜான்சன் எழுதிவைத்தார். மூடுபனிக் கதையைப்போல இது கட்டுக்கதையன்று. அன்புள்ள ஒருவர் தாம் கண்டதை எழுதினார். கூப்பர் எங்கே சென்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த உறுதிக்கு அவர் முகம் ஆதாரமன்று, அவரைப் பிடித்திருந்தவரின் உண்மையே ஆதாரம். எத்தனையோ பேர் முகம் மாறாமலே இறக்கிறார்கள். அவர்களைச் சுற்றி நிற்கும் உறவினரும் நம் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அடக்க ஆராதனைகளில் ஜான்சனின் செய்தியை நான் சொல்வதில்லை. 'காஸ்ட்அவே' கவிதையின் பீப்பாய்களைப் பற்றிச் சொல்கிறேன்.